பனிப்பாறை உழுத இடம்

என் தங்கை அர்னாக்கின் புருஷன் எனோக் என் நண்டுகளைத் திருடுகிறான் என்று மே மாதமே எனக்குத் தோன்றிவிட்டது. எனக்கு எதுவும் சும்மா தோன்றாது.

எங்கள் பனிக்கடலின் டிஸ்கோ விரிகுடாவில், நண்டு மண்டும் நல்ல கடலடித் திட்டு என்னுடையது. அவன் நண்டுக் கூண்டு இறக்கியதோ, பெரிய பனிப்பாறை ஒன்று தரைதட்டி, கடலடியை உழுது போட்டுவிட்டு நகர்ந்த இடத்தில். அங்கே சிப்பிகூட மிஞ்சாது, பல வருஷத்துக்குப் பாழ் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் ஒதுங்கிப்போவோம். ஆனால் என் கூண்டுகள் வெறுமையாக மேலே வந்தன. அவன் படகு நிறைந்து வந்தது.

தங்கை வீட்டுக் காப்பி விருந்தில் கேட்டே விட்டேன்.

"என்ன மாப்ள, செத்த எடத்துல நண்டு முளைக்குதா?"

"உங்க திட்டுலேருந்துதான் நடந்து வருது மச்சான்," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அர்னாக்கும்தான்.

மறுநாள் அவன் கடல்நாய் வேட்டைக்குப் போன நேரம் பார்த்து, கூண்டுகளைக் கட்டியிருந்த அவன் மிதவைகளின் கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்தேன். ஏழு முடிந்தது. எட்டாவதை மட்டும் மேலே இழுத்தேன். அது வெறுங்கூண்டாகத்தான் வரும், திருட்டுக்குச் சாட்சியாக அர்னாக் முன்னால் கொண்டுபோய்ப் போடலாம் என்று கணக்கு.

படகின் இழுவைப்பொறி முனகியது. கூண்டு கொள்ளாத நண்டு. வலையெங்கும் சேறு, நொறுங்கிய ஓடு, நசுங்கிய சிப்பிச் சதை. பனிப்பாறை கொன்று போட்டதைத் தின்ன, என் திட்டு நண்டுகளும் சேர்ந்து பந்திக்கு வந்திருக்கின்றன. அவன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான். கூண்டைத் திரும்ப இறக்கிவிட்டுப் படகைக் கரைக்கு விரட்டினேன்.

சாயங்காலம் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். எனோக் கையில் ஒரு மிதவை.

"ஏழு கூண்டு போச்சு மச்சான். ஏதோ பனிப்பாறை இழுத்துருக்கு. நீங்களாவது நாளைக்கே அங்க போடுங்க. அந்தத் தீனி ரொம்ப நாளைக்கு வராது."

"அடப்பாவமே," என்றேன். வேறென்ன சொல்ல?

அர்னாக் அந்த மிதவையின் கயிற்று நுனியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பனி அறுத்தால் நார் பிரிந்திருக்கும். இது வழவழவென்று இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டாவத ஏண்ணே விட்ட?"