சத்தம் எங்கிருந்து வருகிறது

காரின் பானட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, இளையவள் சாவியைத் திருகினாள். இன்ஜினோடு சேர்ந்து கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பி, சுவரில் மோதி, படுக்கையறை ஜன்னலுக்குள் போனது.

உள்ளே அப்பா கண்ணைத் திறந்தார்.

அதற்காகத்தான் காரை ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான்; சாயங்காலம்தான் இறங்குவான். அதுவரை அப்பாவை இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும். காலையிலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, தொட்டால் அசையவில்லை. ஆனால் ஆயுசு முழுக்கப் பழைய கார் வாங்கி விற்ற புரோக்கர். ஒரு வண்டி கத்தும்போது சும்மா படுத்திருக்க அவருக்குத் தெரியாது.

அவர் குரல் ஜன்னலைத் தாண்டவில்லை. அம்மா அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு, வெளியே கத்தினாள்.

"பெல்ட்டுல தண்ணி தெளிக்கணுமாம்!"

தெளித்தாள். சத்தம் அப்படியே இருந்தது. "அடங்கலப்பா! புது பெல்ட் வாங்கிப் போட்டுடவா?"

தப்பு என்று தெரிந்தேதான் கேட்டாள்.

அம்மா குனிந்து நிமிர்ந்தாள். "தண்ணிக்கு அசையலைன்னா பெல்ட் இல்லையாம். பெல்ட் ஓடுற ஏதோ சக்கரத்துல பேரிங் போயிருக்காம். அப்புறம் உன்னை ஒண்ணு சொன்னாரு. அதை நான் சொல்ல மாட்டேன்."

"கழுதைன்னாரா?"

"கழுதை எவ்வளவோ தேவலை."

இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. திட்டுகிறவர் இன்னும் கடையைக் கட்டவில்லை என்று அர்த்தம். இன்ஜினை நிறுத்தினாள்.

நடுவில் நர்ஸ் வந்து வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போனாள். அதுவரை அவரிடமிருந்த முனகல் நின்றது. அவர் முகத்தில் இருந்த சுருக்கம்கூடக் கொஞ்சம் விட்டது.

"இப்ப பரவாயில்லையாப்பா?" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அம்மா குழம்பிப்போய் நிமிர்ந்தாள். "சோப்பு தடவிட்டுப் போயிட்டாளாம். என்னடி சோப்பு?"

என்ன சோப்பு என்று இளையவளுக்குத் தெரியும். விற்கிற வண்டியின் பெல்ட்டில் சோப்பைத் தேய்த்துவிட்டால் சத்தம் அடங்கிவிடும். வாங்கினவன் தெருமுனை தாண்டும் வரைக்கும்.

ஸ்பேனர் போட்டு பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினாள். பெல்ட் ஓடும் சக்கரங்களை இனி ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்; எது உறுத்துகிறதோ அதுதான் திருடன். இரண்டாவதிலேயே விரலுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே மணல் அரைபட்டது. சொன்னால் வேலை முடிந்துவிடும். முடிந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"இது நல்லா சுத்துதுப்பா!"

"அடுத்ததைப் பாக்கணுமாம்!"

"அதுவும் வழுவழுன்னு இருக்கு!"

வாங்கின விலையைக் கடைசிவரை சொல்லாத வியாபாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அம்மா நெடுநேரம் குனிந்தே இருந்தாள்.

"உன் குரலே சரியில்லையாம். அப்பவே கண்டுபிடிச்சிட்டியாம். என்கிட்டயே பேரமாங்கிறாரு."

"இல்லப்பா, நிஜமாவே தெரியல! இன்னும் ஒண்ணு பாக்கியிருக்கு, இருங்க!"

பதில் வரவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சுற்றினாள். கெட்டுப்போனதையும் சுற்றினாள். அது மட்டும் கரகரவென்று முனகியது.

"அம்மா? என்ன சொல்றாரு?"

அம்மா குனியவில்லை. அவள் உள்ளங்கை அப்பாவின் கண்கள்மேல் இருந்தது. அங்கேயே இருந்தது.

"டயர்ல... டயர்ல காத்து இருக்கான்னு பாக்கச் சொல்றாருடி," என்றாள். எதிரே இருந்த சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இன்ஜின் சத்தத்துக்கு டயரைப் பார்க்கச் சொல்கிற மனுஷன் இல்லை அவர். அவர் கையால் கார் வாங்கின யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இளையவள் பேரிங் போன சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலால் டயரை அழுத்தினாள்.

"இருக்கும்மா."

"அந்தப் பக்கமும் பாக்கணுமாம்."

"பாக்கறேன்னு சொல்லு."

எழுந்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.