வாசலுக்கு வந்த அம்புலன்ஸ்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் அத்தனை வீட்டுக்கும் தெரியும். போன வருடம் ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியை மூடிவிட்டு, பெரட்டுக்களத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இனிமேல் நோயாளிகளை ஏற்றத் தோட்டத்து லொறி வராது, இந்த நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வரும் என்று அதில் இருந்தது. காலையில் அங்கே வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி நான்தான் முதலில் சிரித்தேன். கூரைத் தகரத்தை மாற்றச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறோம், அதற்கே ஓர் ஆள் ஏறி வரவில்லை, அம்புலன்ஸ் வரப்போகிறதாக்கும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

அந்த லொறி மட்டும் என்ன கிழித்தது? பக்கத்துக் காம்பரா வீட்டு ஜெயம்மாவுக்கு வலி எடுத்த அன்று, ரப்பர் பாலை இறக்கிவிட்டு வரும், வரும் என்று வாசலிலேயே காத்துக் கிடந்தோம். அது வந்து சேர்ந்தபோது குழந்தை பிறந்து, செத்தும் போயிருந்தது. அன்றோடு எங்கள் லயத்தில் யாரும் எந்த வண்டிக்கும் காத்திருப்பதில்லை. யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி, ஆளைக் கிடத்தி, நாலு பேர் தோள் கொடுத்துக் குறுக்குப் பாதையில் மெயின் ரோட்டுக்கு இறக்கிவிடுவோம். கீழே சந்தியில் இப்றாஹிம் நானாவின் கடை இருக்கிறது. அவருடைய வேன் எப்போதும் கடை வாசலில் நிற்கும். மனுஷன் முகம் சுளிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவார். எங்களுக்குத் தெரிந்த அம்புலன்ஸ் அதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மரங்களில் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேல் குளவி கலைந்துவிட்டது. மற்றவர்கள் ஓடித் தப்பித்தார்கள். என் வீட்டுக்காரர் ஸ்ரீதரனை மட்டும் மொய்த்துவிட்டது. அவராகவே நடந்துதான் லயத்துக்கு வந்தார். முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிப் போயிருந்தன. உதடு தடித்துத் தொங்கியது.

"கோகிலா, மூச்சு எடுக்க முடியல" என்றார். அவர் பேசியது அதுதான் கடைசி. காய்ச்சலுக்குக்கூட ஒரு நாள் வேலையை விடாத மனுஷன், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார்.

மகள் ஷாமிளா கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள், இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். அவள்தான் போனை எடுத்து அந்த நம்பருக்கு அடித்தாள். சரளமாகச் சிங்களத்தில் இடம் சொன்னாள், பாதை சொன்னாள், குளவி என்றாள். பிறகு அப்பாவின் காலுக்குக் கீழே தலையணையை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அம்மா, அப்பாவ அசைக்க வேணாமாம். அவங்க இங்கயே வர்றாங்க. அரை மணித்தியாலம் கூட ஆகாதாம். வண்டியிலயே ஊசி இருக்காம்."

"வருவாங்க, வருவாங்க. இவரு மூச்சுக்குத் தவிக்கிறத நான் பார்த்துக்கிட்டு குந்தியிருக்கவா? அந்தக் கம்பளிய எடு."

அவள் எடுக்கவில்லை. கையைப் பிடித்தாள், கெஞ்சினாள், கடைசியில் அழுதாள். நான் அவளைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் கிடந்த கம்பளியை நானே உருவினேன். கொழும்புக்குப் போய் நாலு காசு பார்த்ததும் எல்லாரையும் நம்புகிறாள் என்று திட்டவும் செய்தேன். ஆட்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூங்கில் வந்தது, தோள் வந்தது. மாற்றித் தூக்க ஆட்கள், தண்ணீர் கொண்டுவரப் பெண்கள் என்று வேலைக்குப் போகாமல் லயத்தில் இருந்த அத்தனை பேரும் எங்களோடு இறங்கினார்கள். ஒருவருக்கு முடியவில்லை என்றால் எங்கள் ஆட்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். அதை நான் எப்போதும் பெருமையாகத்தான் சொல்லி வந்தேன்.

முதல் நாள் மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. முன்னால் தூக்கியவர் இரண்டு தரம் வழுக்கினார். ஓடைப் பள்ளத்துக்கு வந்ததும் போனில் கவரேஜ் இல்லை என்றாள் ஷாமிளா. கம்பளிக்குள்ளிருந்து வந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் ஓடினேன். விசிலடிப்பது மாதிரி இழுத்து இழுத்து வந்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரைக்கும் உயிர் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதி தூரம் வந்திருப்போம். எங்கள் தலைக்கு மேலே, மரங்களுக்கு அந்தப் பக்கம், சைரன் சத்தம் கேட்டது.

தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மேலே ஏறுவதா, கீழே இறங்குவதா? ஏற்றத்தில் திரும்பத் தூக்கிப்போக ஒரு மணித்தியாலமாவது வேண்டும். ஆண்டவனே, எனக்கு எதுவும் ஓடவில்லை. கீழே போங்க என்று கத்தினேன். ஒருவர் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே மேலே ஓடினார்.

சந்திக்கு வந்தபோது இப்றாஹிம் நானா கடையைவிட்டு ரோட்டுக்கே ஓடி வந்தார். "அல்லாஹ்வே, இவர ஏன் இங்க கொண்டுவந்தீங்க? அம்புலன்ஸ் மேல போய் எவ்வளவு நேரம். ஒங்கட லயத்துக்குத்தானே போச்சு."

வேன் கதவைத் திறந்து அவரைக் கிடத்தினோம். ஷாமிளாவின் போன் வரிசையாகச் சத்தம் போட்டது. எல்லாம் அம்புலன்ஸிலிருந்து எடுத்துத் தவறிய அழைப்புகள். அவள் திருப்பி அடித்தாள். இறங்கி வருகிறோம், நில்லுங்கள் என்றார்களாம். இந்தத் தடவை நான் நின்றேன். அவருடைய தலை என் மடியில் இருந்தது. விசில் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது. அவர் தூங்கிவிட்டார் என்று நினைக்கப் பார்த்தேன், என்னால் முடியவில்லை.

வெள்ளை வண்டி வந்து சறுக்கி நின்றதும், சீருடை போட்ட ஒரு சிங்களப் பொடியன் பையோடு குதித்தான். ஊசி போட்டான், நெஞ்சை அழுத்தினான், திரும்பத் திரும்ப அழுத்தினான். அவன் முகத்திலிருந்து வேர்வை என் வீட்டுக்காரர் நெஞ்சில் சொட்டியது. கடைசியில் கையை எடுத்துவிட்டு, மண்டியிட்டபடியே என்னைப் பார்த்தான். ஆளில்லாத லயத்தில் கால் மணித்தியாலம் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தோம் என்று சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை.

"அப்பி எனவா கிவ்வனே, அம்மே."

நாங்கள் வருகிறோம் என்று சொன்னோமே, அம்மா. எனக்கும் சிங்களம் நன்றாகத்தான் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து தமிழ்தான் வந்தது.

"எங்க வாசலுக்கெல்லாம் யாரு தம்பி வருவா?"

அவனுக்குப் புரியவில்லை. ஷாமிளாவைப் பார்த்தான். அவள் அப்பாவின் காலைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னேனேம்மா. வர்றாங்கன்னு நான் சொன்னேனே."