நிச்சயதார்த்தப் படம் நடந்து போன வழி

"உங்க வீட்டு விருந்தாளிங்க எதுக்குடி என் கடை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போறாங்க?" என்று மீன் உருண்டைக் கடை மெய்-குய் அக்கா சின்-ரோங்கிடம் கேட்டாள். சின்-ரோங்குக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று வாய் திறந்து சொல்ல முடியாததால் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அன்று காலையிலிருந்து அவளுடைய அக்கா பெய்-ஜென்னின் நிச்சயதார்த்தப் படம் லியாவ் ஸ்டுடியோவின் மாடிப்படியில் இறங்கி, குடை பிடித்துக்கொண்டு, கீலுங் துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் சந்து வழியாக நடந்துகொண்டிருந்தது. படத்திலிருந்த மாமன்மார், அத்தைமார், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் சந்து முனை வரை போனார்கள். அங்கே என்னவோ நினைத்துக்கொண்டவர்கள் போல நின்று, திரும்பி, மறுபடி மாடியேறினார்கள். அவர்கள் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஸ்டுடியோவின் திரையில் 'பதிவேற்றம் தோல்வி' என்று எழுத்து வந்தது.

அந்தச் சந்தில் கோப்புகள் நடந்துதான் போகும். பெருவெள்ளத்துக்கு மறு வருடம் புது இன்டர்நெட் கம்பி இழுத்ததிலிருந்து அப்படித்தான், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. போட்டோக்கள் சிட்டுக்குருவி மாதிரித் தத்திப் போகும். வரிக் கணக்குகள் சுவரோரமாக எறும்புச் சாரியாகப் போகும். மீன் சந்தைக்கு எடுத்த விளம்பரப் படத்தை அனுப்பியபோது களவா மீன்கள் முழங்கால் உயரத்தில் சந்து முழுக்க நீந்திப் போயின. வழியில் பூனைகள் சிலவற்றைப் பிடித்துத் தின்றுவிட்டதால் படம் சில மீன்கள் குறைந்துதான் போய்ச் சேர்ந்தது. விலை சரியாகத் தெரிந்ததால் சந்தைக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நகரசபைத் தேர்தலுக்கு நின்ற ஒருவரின் பிரசாரப் படம் மட்டும் வீடு வீடாக நுழைந்து எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே போனதில், தலைநகர் தாய்பே போய்ச் சேர்வதற்குள் தேர்தல் முடிந்து, அவர் தோற்று, பழையபடி டயர் வியாபாரத்துக்குத் திரும்பியிருந்தார். ஆக, மெதுவாகப் போவது சகஜம். திரும்பி வருவது புதிது.

இந்தப் படம் மெதுவாகப் போக முடியாது. பெய்-ஜென்னின் அப்பா சூரை மீன் பிடிக்கும் கப்பலில் சமையல்காரர். கப்பல் பழுது பார்ப்பதற்காகக் கடல் தாண்டி, போர்ட் லூயி துறைமுகத்தில் கிடந்தது. அன்று சாயங்காலம் கிளம்பினால் எட்டு மாதத்துக்குச் சிக்னல் கிடையாது. "பையன் மூஞ்சியையும் மோதிரம் போட்டதையும் என் கண்ணால பாக்காம நான் தலையாட்ட மாட்டேன்" என்று போனில் சொல்லியிருந்தார். அவர் தலையாட்டாமல் கல்யாண நாள் குறிக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். எட்டு மாதம் காத்திருப்பதில் ஒரு சிக்கல் இருந்தது: பெய்-ஜென்னின் சிவப்புப் பாவாடையைத் தையல்காரி ஏற்கெனவே இரண்டு தரம் பிரித்துத் தைத்திருந்தாள். சந்துக்கே விஷயம் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தையல்காரியின் கைத்திறனை மட்டும் மனதாரப் புகழ்ந்தார்கள்.

லியாவ் அண்ணன் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தார். திரையில் திறந்திருந்த மற்ற ஜன்னல்களை மூடினார். கம்பியைப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். இயந்திரம் மக்கர் பண்ணாமல் சொன்னபடி கேட்கட்டும் என்று ரௌட்டர் மேல் எல்லாரையும் போல அவரும் வைத்திருக்கும் பச்சைப் பாக்கெட் சோளப்பொரியின் தேதியைப் பார்த்தார். இன்னும் காலாவதியாகவில்லை, இயந்திரம் கோபித்துக்கொள்ள அதில் காரணம் இல்லை. கடைசியில், தான் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்த பேஸ்பால் ஆட்டத்தையும் கண்ணில் நீர் முட்ட நிறுத்தினார். அதுவரை எதிர்த் திசையிலிருந்து ஓடிவந்து அத்தைமாரை இடித்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள் ஓய்ந்தார்கள். நடை வேகம் கூடியது. ஆனாலும் சந்து முனையில் எல்லாரும் திரும்பினார்கள். அப்புறம் போன் கம்பெனியிலிருந்து ஆள் வந்து அளந்து பார்த்தார்.

"லைன் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன்யா போகல?"

"இத்தனை ஜனத்தையும் ஒரே மூச்சுல தள்ளுனா எப்படிப் போகும்? ஒருதரம் அணைச்சிட்டுப் போடுங்க."

அணைத்தார்கள். விருந்தாளிகள் நின்ற இடத்திலேயே சந்தில் உட்கார்ந்து பூசணி விதை உரிக்க ஆரம்பித்தார்கள். மறுபடி போட்டதும் விதைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து, முதலிலிருந்து தொடங்குவதற்காக மாடியேறினார்கள். கம்பெனிக்காரர் ரசீதில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

படத்தைத் துண்டு போடலாம் என்று லியாவ் அண்ணனுக்குத் தோன்றியது அதன் பிறகுதான். விருந்து மேஜை மேஜையாக நடந்தது, படத்தையும் மேஜை மேஜையாக வெட்டினார். ஒரு மேஜை தவறினால் அந்த மேஜை மட்டும் திரும்பினால் போதும், மற்றது போனது போனதுதான். "ரோங், நீ கூடவே போ. எங்க தடுக்குதுன்னு பாத்துட்டு வா. யார்கூடவும் பேச வேணாம், பாத்தா போதும்" என்றார். பேச வேண்டாம் என்றதால் அவள் போனாள்.

முதல் மேஜை மாப்பிள்ளை போ-யென்னின் அத்தைமார். குடைக்குள் ஒதுங்கி, மிச்ச உணவு கட்டிய பிளாஸ்டிக் பைகளை ஆட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார்கள். சந்து முனை வந்தது. மெய்-குய் அக்கா கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு, தன் கடையைக் கடக்கும் எவருக்கும் சொல்வதை அவர்களுக்கும் சொன்னாள்: "பாத்துப் போங்க, மறுபடி பாக்கலாம்." அத்தைமார் முகம் வெளிறிப் போய் நின்றார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே திரும்பிவிட்டார்கள்.

சின்-ரோங்குக்கு விளங்கியது. நிச்சயதார்த்த விருந்திலிருந்து யாரும் விடைபெற்றுக்கொண்டு போவதில்லை. பெண் வீட்டார் வழியனுப்பக் கூடாது, மாப்பிள்ளை வீட்டார் வருகிறோம் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். மறுபடி பார்க்கலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் ஒரு நிச்சயதார்த்தம் நடக்கும். முறை தெரிந்த அத்தைமார் அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகு எப்படி மேலே போவார்கள்? திரும்பிப் போய், சரியாக, புதிதாகக் கிளம்பினால்தான் தோஷம் கழியும்.

இதை மெய்-குய் அக்காவிடம் சொல்ல வேண்டும். சின்-ரோங் வாயைத் திறந்தாள், மூடினாள். அத்தைமார் இதற்குள் மறுபடி மாடியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தாள். சின்-ரோங் அண்டாவிலிருந்து ஆவி பறக்கும் ஒரு மீன் உருண்டையைக் குச்சியில் குத்தி அக்காவின் வாயில் திணித்தாள்.

அத்தைமார் கடந்து போனார்கள். முனை திரும்பினார்கள். திரும்பி வரவில்லை.

"ன்னாடி பண்ற" என்றாள் மெய்-குய் அக்கா, உருண்டைக்கு மேலாக. மாடி ஜன்னலிலிருந்து லியாவ் அண்ணன் எட்டிப் பார்த்தார், பார்த்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. "அக்கா, அது நிச்சயதார்த்தம். நீங்க வாயைத் தொறக்காதீங்க."

"நிச்சயமா? எல்லாரும் குடிச்சிருக்கற அழகப் பாத்து நான் கல்யாணம்னுல்ல நெனச்சேன்."

"சரி, இனிமே பேசாம இருங்க."

"கடை போட்ட நாளா சொல்றேன். ஆள் போனா என் வாய் தானா சொல்லிடுது, நான் என்ன பண்ண? இவளே ஊட்டட்டும்."

அப்படித்தான் ஊட்டினாள். கடந்து போகிற ஆளுக்கு ஒரு உருண்டை என்று மேஜை மேஜையாக அக்காவுக்கு ஊட்டினாள். எல்லாம் உள்ளே போயும் அக்கா அசரவில்லை. போதாததற்கு, மிளகு குறைச்சல் என்று தன் உருண்டையையே குறை சொன்னாள். போகிற வழியில் ருய்ஃபாங் சுரங்கப்பாதையில் கூட்டம் நெருக்கியது, ஆனால் நகர்ந்தது. கம்பி கடலில் இறங்கும் டோச்செங் கரையிலிருந்து, அந்தப் பக்கம் பஸ் ஓட்டும் சித்தப்பா போன் செய்தார்: "அத்தைங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத் தண்ணில எறங்கிட்டாங்க. மாமனுங்க பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டிருக்காங்க. தண்ணி சில்லுனு இருக்காம், திட்டுறாங்க."

கடைசியாக மணமக்கள் மேஜை இறங்கியது. நிஜ பெய்-ஜென் ஜன்னலில் நின்று, சந்தில் போகும் தன்னைப் பார்த்தாள். "நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

"கேமரா கொஞ்சம் கூட்டிக் காட்டும்மா" என்றார் லியாவ் அண்ணன்.

"கேமரா ஒண்ணும் கூட்டல" என்றாள் அம்மா.

போ-யென் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கீழே படத்துப் போ-யென் மோதிரத்தைத் தள்ளத் தள்ள, படத்துப் பெய்-ஜென் விரலை மடக்கி நடுக் கணுவிலேயே நிறுத்திக்கொண்டு போனாள். அடிவரை போக விட்டால் காலமெல்லாம் புருஷன் சொன்னபடி ஆட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே முனை திரும்பினார்கள். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் திரையில் 'முடிந்தது' என்று வந்தது. லியாவ் அண்ணன் உடனே பேஸ்பாலைப் போட்டார்.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எல்லாரும் ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்தார்கள். போன் அடிக்கவில்லை. கப்பல் கிளம்பியிருக்கும் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். அப்போது மாடிப்படியில் ஈரக் காலடிச் சத்தம் கேட்டது.

அப்பா வந்தார். கப்பலில் யாரோ போனில் எடுத்து அனுப்பிய படம், ஒரு நிமிடம்கூட நீளாதது, குரல் பதியாதது. முழங்கால் வரை உப்புத் தண்ணீர் சொட்ட, இடுப்பில் சமையல் துணி கட்டியபடி உள்ளே வந்தார். போ-யென்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். போ-யென் விறைத்து நின்றான். பெய்-ஜென்னின் கையை எடுத்து, நடுக் கணுவில் நிற்கும் மோதிரத்தைப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, நன்றாகத் தெரியும்படி, தலையாட்டினார்.

அம்மா எழுந்து நின்றாள். கல்யாணமானதிலிருந்து அவர் கப்பலேறும் ஒவ்வொரு தடவையும் 'சீக்கிரம் திரும்பி வாங்க' என்று கரையிலிருந்து கத்துகிறவள் அவள். அன்று அது முடியாது. சொன்னால் அந்தத் தலையாட்டலும் அவரோடு சேர்ந்து திரும்பி, போர்ட் லூயியிலிருந்து மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும், கப்பலோ கிளம்பிவிட்டது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாழ்நாளில் ஒரு வார்த்தையும் தானாக முந்திக்கொண்டு வராத சின்-ரோங்குக்கு அன்று அதே 'திரும்பி வாங்க' நாக்கின் நுனி வரை வந்துவிட்டது, அம்மா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அப்பா சின்ன மகளின் தலையில் ஈரக் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி, படியிறங்கி, மழைக்குள் துறைமுகத்தைப் பார்த்து நடந்தார், ஒரு வார்த்தையும் சொல்லாமல்.