பின்னணியில் பொன்னுரங்கம்

பரணி மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தான். ஆயிரத்து நூறாவது படம். ஆயிரத்து நூற்றொன்று. ஃபிளெக்ஸ் கடைக்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் முகம் வராவிட்டால் அஞ்சலி பேனர் கிடையாது. இரண்டு மணிக்குப் பிணத்தை எடுக்கிறார்கள்.

பக்கத்து ஸ்டூலில் தமிழினி, அழுது வீங்கிய கண்களைத் திரையிலிருந்து எடுக்காமல். நாலு மாதம் முன்பு, கூடுவாஞ்சேரி மண்டபத்தில் அவள் கல்யாணத்தை எடுத்தவன் பரணி. நேற்று மாலை செத்துப்போனவர் அவளுடைய அப்பா, பொன்னுரங்கம்.

"ஆதார் போட்டோ இருக்குமே?"

"அதுல திருடனாட்டம் கீறாருண்ணா. அத்தப் போயி தெருமுனையில வெக்கச் சொல்றியா? போட்டோன்னாலே ஓடிப்பூடுவாரு. அன்னிக்கு ஒரு நாள்தான், பட்டு வேட்டி கட்டிகினு, உன் கேமராவப் பாத்துட்டு, ஒண்ணு எடுத்துக்கணும்டின்னாரு."

பரணி பார்வையை மவுஸுக்கு இறக்கினான்.

பம்மல் வட்டாரத்தில் வேறு எவனிடமும் இல்லாத லென்ஸ் அவனுடையது. மணப்பெண்ணின் இமை மயிரை எண்ணலாம். அவளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாய் உருகிவிடும். அந்த உருகலைக் காட்டித்தான் ஆர்டர் பிடிப்பான். இப்போது வெண்ணெய்க்குள் ஒரு பழுப்பு உருண்டை. பெண்டாட்டி இல்லாதவர் என்பதால் தாரை வார்த்தது பெரியப்பா. அவர் முதுகுக்குப் பின்னால் உருண்டை. தாலி கட்டும்போது உருண்டை. குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது பந்தியில் நின்றாராம், அதில் உருண்டைகூட இல்லை. "தோ, அப்பா!" என்று ஒவ்வொரு தடவையும் தமிழினி விரலை நீட்டினாள். பெரிதாக்கினான். கண் இருக்கவேண்டிய இடத்தில் அழுக்குச் சொட்டு.

"இவ்ளோ பெரிய கேமராவ வெச்சிகினு, ஒண்ணுலகூடவாண்ணா எங்கப்பா இல்ல?"

அவன் அடுத்த ஃபோல்டரைத் திறந்தான்.

"வீடியோல பாரேன்."

"அதுல கிளியரா வராது." பொய்.

போன் நாலாவது முறை அடித்தது. பதினொன்று ஐம்பது. ஸ்பீக்கரை முதலில் அணைத்துவிட்டு வீடியோவைத் திறந்தான். தேடவேண்டிய அவசியமே இல்லாமல் ஒரே கிளிப்பில் போய் நின்றான்.

திரை நிறைய மணப்பெண் முகம். குறுக்கே அந்தப் பழுப்பு உருண்டை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் கேமரா சட்டென்று அவளை விட்டுவிட்டு அவரைப் பிடித்தது. நரைத்த மீசை, சந்தனப் பொட்டு, காதோர வியர்வை. ஒவ்வொன்றும் துல்லியம். பொன்னுரங்கம் உள்ளங்கையால் தலையைப் படிய வாரி, நேராகப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நொடி சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோக, கண் தரைக்குத் தாழ, விலகினார். கேமரா மணப்பெண்ணிடம் திரும்பிவிட்டது.

"இதாண்ணா! இதான்!"

சிரிப்பில் நிறுத்தி அனுப்பினான். உடனே ஃபிளெக்ஸ் கடைக்காரர் கூப்பிட்டார். "செம கிளாரிட்டிப்பா! இன்னா கேமரா?"

பரணி போனைக் கவிழ்த்து வைத்தான்.

தமிழினி அந்தக் கிளிப்பை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான சிரிச்சாரு. அப்பால இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினாரு?"

அவன் தடுப்பதற்குள் ஸ்பீக்கரைத் திருகிவிட்டாள்.

நாதஸ்வரம். அதற்கும் மேலே, மைக்குக்கு மிகப் பக்கத்தில், பரணியின் குரல்.

"யோவ் பெருசு, ஃபோகஸ் போவுது... ஓரமா போய்யா!"