விக்டோரியா சிஸ்டரின் கைச்சூடு

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே திருச்சபை நடத்திவந்த நர்சிங் பள்ளியின் பிரின்சிபால் விக்டோரியாவுக்கு 1966இல் வலது உள்ளங்கை சுடத் தொடங்கியது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு இருந்த வருஷம் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. காய்ச்சல் கிடையாது. டம்ளரைப் பிடித்தால் பால் பொங்கும், அவ்வளவுதான்.

காரணம் அவருக்குத் தெரியும். முன்பு அதே பள்ளியில் பாடம் சொல்லித்தரும் டியூட்டராக இருந்தபோது, ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாத ஒருவருக்காக வெந்நீர்ப் பையை நிரப்பி, அவசரத்தில் துணி சுற்றாமலே மாணவி செங்கம்மாளிடம் கொடுத்தார். சிஸ்டர் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் காலடியில் வைத்தாள். அந்த ஆளின் பாதம் வெந்துபோனது. அடுத்த பிரின்சிபால் யார் என்று பள்ளிக் கமிட்டி முடிவு செய்யவிருந்த வாரம் அது. "துணி சுத்தித்தான் வைக்கச் சொன்னேன்" என்று விக்டோரியா வாய்கூசாமல் சொன்னார். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண்ணான செங்கம்மாள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, தகரப் பெட்டியோடு பஸ் ஏறினாள்.

கையால் பள்ளிக்கு நல்ல பேர். குறைமாதப் பிள்ளைகளை அதில் ஏந்தினால் பிழைத்தன. துணி சுற்றித்தான் ஏந்துவார். அதை இப்போது மறப்பதேயில்லை. பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்களும் போகிற வழியில் இங்கே இறங்கினார்கள். பிஷப் பிரசங்கத்தில் புகழ்ந்தார், பள்ளிக்கு மாடி எழும்பியது. விக்டோரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் ஒவ்வொன்றிலும் உண்மையைச் சொல்லிவிட நினைப்பார். சொன்னால் கை ஆறிவிடுமே, பிள்ளைகள் கதி என்னாவது என்று தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொள்வார்.

1975இல் பள்ளி கல்லூரியானது. கல்வெட்டில் அவர் பெயரைப் பொறிக்கப்போகிறார்கள் என்றதும் பொறுக்க முடியாமல் பழவேற்காட்டுக்குப் போனார். செங்கம்மாள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னா சிஸ்டர், எனக்குத் தெரியாததயா சொல்றீங்கோ? அன்னிக்கு நானும் அங்கதான நின்னுக்கினு இருந்தேன். இத்த கமிட்டிக்காரங்களாண்ட போய் சொல்லுங்கோ."

சொன்னார். கமிட்டியார் முன்னால் நின்றே சொன்னார். கல்வெட்டில் பெயர் இல்லை. செங்கம்மாளைத் திரும்ப அழைத்தார்கள், அவள் வரவில்லை.

கை ஆறவில்லை. ஒருநாள் பார்த்தார், ஒரு வாரம் பார்த்தார், முன்னைப் போலவே சுட்டது. அப்படியானால் எந்த லெந்திலும் சொல்லியிருக்கலாம். ஒரு பிள்ளையும் செத்திருக்காது. அன்றுதான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பிரசவ வார்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு போனார்.