குளோரின் கரண்டி

2009 மே 12, செவ்வாய்.

இன்று ஒரு சிறிய பிழை விட்டேன். சோதனைக் குழாயை மீன்தொட்டித் தண்ணீரால் கழுவாமல் கிணற்றுத் தண்ணீரால் கழுவிவிட்டேன். ஆகவே அமோனியா இரண்டு என்று வந்ததை நம்பலாமா தெரியவில்லை. பிழை என்னுடையது.

றுஸ்தா கொப்பியை மூடிவிட்டு மறுபடியும் திறந்து, கடைசி வரியின் கீழே ஒரு கோடு இழுத்தாள். பிறகு தொட்டியின் முன்னால் குந்தினாள். மூன்று கோல்ட்பிஷ் குஞ்சுகள். தண்ணீர் கண்ணாடியைவிடத் தெளிவாக இருந்தது. ஆனால் தெளிந்த தண்ணீரை நம்பவேண்டாம் என்று முதல் நாளே சபூறா ரீச்சர் சொல்லியிருந்தார்.

கல்முனையில் திங்கள், புதன், வெள்ளி பின்னேரங்களில் நடக்கும் அலங்கார மீன் வளர்ப்பு வகுப்பில் ரீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டது இவ்வளவுதான்: மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும், அது நஞ்சு. வடிகட்டிப் பஞ்சில் ஒருவகைப் பற்றீரியா குடியேறி அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. பிறகு இன்னொரு வகை வந்து அதை நைத்திரேற்றாக மாற்றும், அது மீனை அவ்வளவாக வருத்தாது. இந்த இரண்டு கூட்டமும் குடியேற ஐந்தாறு கிழமை, ஏறத்தாழ நாற்பது நாள், ஆகும். அதுவரை மீன் உயிரோடு இருக்கவேண்டும்.

மே இருபத்தைந்தாம் தேதி ரீச்சர் வீட்டுக்கே வந்து தொட்டியைப் பார்ப்பார். இரண்டு நஞ்சும் பூச்சியமாக இருந்தால், புதிதாகத் தொடங்கும் மீன்குஞ்சுக் கொட்டிலில் றுஸ்தாவுக்கு வேலை. சுனாமிக்குப் பிறகு அவள் வேண்டும் என்று கேட்ட ஒரே காரியம் அது. உம்மாவின் நிபந்தனை வேறு.

"ஒரு மீன் மௌத்தானாலும் இந்தப் பொட்டி இஞ்ச இரிக்கப்படாது" என்று தொட்டி வந்த அன்றே உம்மா நஸீறா சொல்லிவிட்டாள். "செத்த தண்ணிய வீட்டுக்க வெச்சிக்கிட்டு இரிக்க எனக்கு ஏலா."

வாப்பாவையும் தம்பியையும் கடல் கொண்டுபோன பிறகு முகாமில் இருந்த ஒன்பது மாதமும் நஸீறாதான் அவர்களுடைய கூடார வரிசைத் தண்ணீர்த் தாங்கிக்குக் குளோரின் போட்டவள். சுகாதாரக்காரர் ஒரு பிளாஸ்ரிக் கரண்டியைக் கொடுத்து அளவைக் காட்டிவிட்டுப் போனார். பக்கத்து வரிசைகளில் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் சுருண்டு விழுந்தார்கள், இவர்கள் வரிசையில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடலிலிருந்து தள்ளிக் கட்டிக் கொடுத்த இந்த வீட்டுக்கு வந்தபோது கையோடு அவள் கொண்டுவந்த சாமான்களில் அந்தக் கரண்டியும் ஒன்று.

வியாழன் காலை அமோனியா மறுபடியும் ஏறியிருந்தது. சனிக்கிழமை காலை இன்னும் ஏறியிருந்தது. ஒரு குஞ்சு தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது.

கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. ஏப்ரல் கடைசிவரை அமோனியா இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதன் பிறகு செவ்வாய், வியாழன், சனி மட்டும் ஏற்றம். எல்லாம் வகுப்புக்குப் போன மறுநாள். அவள் எழுதினாள்: வகுப்பு நாட்களில் நான் அவசரப்படுகிறேன். தீனி கூடப் போட்டிருப்பேன். இனி எண்ணிப் போடவேண்டும்.

எண்ணித்தான் போட்டாள். வடக்கே போகும் ஹெலிகொப்டர் ஒவ்வொன்றுக்கும் தொட்டித் தண்ணீர் மெல்ல நடுங்கியது. வானொலி, வடக்கில் சண்டை முடியப்போகிறது, முடியப்போகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை, மே பதினெட்டு. பின்னேர வகுப்புக்குப் போன பஸ் பாதி வழியில் நின்றது. முன்னால் படபடவென்று வெடித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சீனவெடி கொளுத்துறாங்க கா, பயப்படாத" என்றாள் பக்கத்தில் இருந்தவள், தன் தலையை நிமிர்த்தாமலே. "சண்ட முடிஞ்சிதாம்."

வகுப்பு இல்லை என்றார்கள். றுஸ்தா இறங்கி மருதமுனை வீட்டுக்கு நடந்தே திரும்பினாள். கடைகள் பலகை போட்டுச் சாத்தியிருந்தன. சென்றிச் சாவடியில் நின்ற ஆமிக்காரன் பையைத் திறக்கச் சொல்லாமல் சிரித்து வழிவிட்டது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பின்கதவால் வீட்டுக்குள் நுழைந்தாள். உம்மா தொட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தாள். கையில் அந்தக் கரண்டி. வெள்ளைத் தூள்.

"உம்மா, என்ன போடுறீங்க?"

நஸீறா திடுக்கிடவில்லை. நுனியளவு தூளைத் தட்டிப் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள். "நீ வகுப்புக்குப் போற நாளையில மட்டுந்தான் நான் போடுற. நீ நிண்டா கத்துவாய்."

"எப்ப இருந்து?"

"நீ படிக்கக்குள்ள சத்தமாப் படிச்சியே, பஞ்சில கோடிக்கணக்கில பற்றீரியா வளருதெண்டு. அண்டையில இருந்து. கிருமி வளருற தண்ணியில மீன் எப்பிடிப் புள்ள இரிக்கும்? அது வாயப் பிளக்கிறதப் பார்த்துப் பார்த்து நானும் கொஞ்சம் கூட்டித்தான் போட்ட."

றுஸ்தா தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வகுப்பு நாட்கள். அவசரம் இல்லை, தீனி இல்லை, குழாய் கழுவியதும் இல்லை. ஏப்ரல் முழுதும் குடியேறியவற்றை உம்மா சுத்தமாகத் துடைத்தெடுத்திருக்கிறாள்.

"அந்தக் கிருமிதான் உம்மா மீனக் காப்பாத்துற கிருமி."

நஸீறா கரண்டியைப் பார்த்தாள். "நான் கொல்லவா போட்ட?" என்றாள் மெதுவாக.

இரண்டு மீன்கள் மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மூன்றாவது அடியில் சாய்ந்து கிடந்தது, செவுள் மட்டும் அசைந்தது. தண்ணீரை உடனே மாற்றவேண்டும். றுஸ்தா மூலையில் மூன்று நாளாக ஆறவைத்திருந்த பீப்பாவைத் திறந்தாள். மூக்கில் குளோரின் அடித்தது.

"இதுக்குமா?"

"ஓம்."

"கிணத்துக்கு?"

"ஓம். இந்த ஒழுங்கையில ஏழு கிணத்துக்கும் நேத்துத்தான் போட்ட. மழை வரப்போகுதெண்டு."

தெருவில் மறுபடியும் வெடித்தது. இந்த முறை இருவருமே அசையவில்லை. ஹைப்போ என்ற உப்பு, குளோரினை முறிக்கும், அது படம் கழுவும் ஸ்டூடியோவில் கிடைக்கும் என்று ரீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஸ்டூடியோ இன்று திறந்திருக்காது. அதுவரை ஒரே வழி, தண்ணீரை வாளிக்கு வாளி உயர்த்தி ஊற்றி, காற்றுப் படவிட்டு, குளோரின் பறக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பது.

அவள் ஊற்றத் தொடங்கினாள். சற்று நேரத்தில் நஸீறா கரண்டியை வைத்துவிட்டு வந்து மற்ற வாளியைப் பிடித்தாள்.

"மூண்டாவது செத்தா?" என்றாள் றுஸ்தா.

உம்மா வாளியை இன்னும் உயர்த்தி ஊற்றினாள். பிறகு, "சொன்னது சொன்னதுதான்" என்றாள். குரலில் உறுதி இல்லை, ஆனால் சொல்லை அவள் திருப்பி எடுக்கவும் இல்லை.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்குக்குப் பிறகு கால்வாசித் தண்ணீரை மாற்றினார்கள். பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் றுஸ்தா மணந்து பார்த்தாள். பற்றீரியா உயிரோடு இருந்தால் வரும் மண்வாசம் இல்லை. புதுத்துணியின் வாசம்தான். சோதனைக் குழாயைத் தொட்டித் தண்ணீரால் மூன்று தரம் கழுவி, துளிகளை எண்ணி விட்டாள். நிறம் கரும்பச்சையானது. அளவு காட்டும் நிற அட்டையில் அதற்கு மேல் ஒரு கட்டம்தான் மிச்சம்.

2009 மே 18, திங்கள்.

அமோனியா நான்கு. குழாய் சரியாகக் கழுவப்பட்டது. துளி சரியாக எண்ணப்பட்டது. மே 12இல் பிழை என்னுடையது என்று எழுதியது சரியில்லை. ஆனால் சத்தமாகப் படித்தது நான்தான். மூன்றாவது மீன் இப்போது அசைகிறது. தீனி போடவில்லை.

நாளை: ஸ்டூடியோ திறந்தவுடன் ஹைப்போ வாங்குவது. பிறகு ரீச்சர் வீட்டுக்குப் போய், அவருடைய பழைய தொட்டியில் பற்றீரியா குடியேறியிருக்கும் பஞ்சில் பாதியை வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பையில் போட்டு, காயவிடாமல் கொண்டுவருவது.