கைருன் பீவியின் முதலெழுத்து

பிளாப்பித் தட்டை உள்ளே தள்ளி மூடியதும் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் கரகரவென்று அரைத்தது. பிறகு பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. எழுத்துக் கோப்பு இல்லையாம். மீனவர் சங்க ஆபீஸில் டைப் அடிக்கிற செசிலியா அதை இரண்டு முறை படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். தமிழில் அச்சடிக்கும் புரோகிராம் என்று சொல்லித்தான் அக்கா ஆரோக்கியமேரி அதை மதராஸ் அச்சகத்திலிருந்து கொடுத்தனுப்பியிருந்தாள். அதற்கு இன்னொன்று வேண்டும் என்று சொல்லவில்லை.

அன்று திங்கட்கிழமை. கெடு வியாழன் மாலை ஐந்து மணி; அதற்குள் மனு பொன்னேரி தாலுகா ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். பல்லில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு, இடுப்பளவு உப்பு ஏரித் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் மனு. அவர்கள் இறங்குகிற கரையை இறால் பண்ணைக்குக் கொடுக்கப் போவதாகப் பேச்சு. போன வருஷம் நிவாரண அரிசிக்கு என்று சொல்லி ஒரு தரகன் அவர்களிடம் கைநாட்டு வாங்கிப் போயிருந்தான். அந்த இங்கிலீஷ் காகிதத்தில் கரையைக் கொடுக்க ஆட்சேபம் இல்லை என்று இருந்தது பின்னால்தான் தெரிந்தது.

"இங்கிலீஷ்ல அடி. நான் வாயால விளக்கிச் சொல்றேன்," என்றார் சங்கத்துச் செயலாளர் தேவதாஸ். கம்ப்யூட்டர் வந்த மாதமே ஆபீஸிலிருந்த தமிழ் டைப்ரைட்டரை விற்றவர் அவர். கையால் எழுதிய மனுவை யாரும் மதிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

ஏரியிலிருந்து நேராக வந்து வாசல்படியில் நின்றிருந்த நாகம்மாளின் புடவையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "போன தபாவும் வாயாலதான் சொன்னானுங்க. எங்களுக்குள்ள படிக்கத் தெரிஞ்சவ ஒருத்தி படிச்சிச் சொல்லணும். இல்லன்னா ஒருத்தியும் கைநாட்டு வெக்கமாட்டா."

"பொன்னேரியில தமிழ்ல டைப் அடிக்கிறாங்களேம்மா," என்றார் தேவதாஸ்.

"அந்தக் காயிதமும் அங்க அடிச்சதுதான்."

அவர் செசிலியாவிடம் திரும்பினார். "கம்ப்யூட்டரை நோண்டாத. கெட்டுப்போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். இன்ஜினியர் அடுத்த மாசம் வருவார்."

"அடுத்த மாசம் கரை இருக்குமா சார்?"

அவர் எழுந்து வெளியே போனார்.

செசிலியா அன்றைக்கே மதராஸ் பஸ் கண்டக்டரிடம் அக்காவுக்குச் சொல்லியனுப்பினாள்; செவ்வாயன்று அவர் கையிலேயே இன்னொரு பிளாப்பியில் எழுத்துக் கோப்பு வந்தது. அதை ஏற்றியதும் திரையில் 'அ' தெரிந்தது. நாகம்மாள் கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஆனால் பிரிண்டரில் கேள்விக்குறிகள்தான் வரிசையாக விழுந்தன. பிரிண்டருக்கு எழுத்தின் வடிவத்தைச் சொல்லித்தர வேறொரு சின்ன புரோகிராம் வேண்டுமாம். செசிலியா புதன் விடிந்ததும் தானே மதராஸ் பஸ் ஏறினாள். வழியில் திருப்பாலைவனம் வரை உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே போனாள். அக்காவின் அச்சகத்தில் உட்கார்ந்து, எதை முதலில் ஏற்றுவது, எதை அடுத்து என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு, மூன்றாவதாக ஒரு பிளாப்பியும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

வியாழன் காலை அந்த மூன்றாவது பிளாப்பியைப் போட்டால், நினைவகத்தில் இடம் போதவில்லை என்றது கம்ப்யூட்டர். இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது திரை மூலையில் ஓடுகிற கடிகாரம். யார் வந்தாலும் தேவதாஸ் அதைத்தான் காட்டுவார்.

"அதுல கை வெக்காத," என்றார் அவர், பின்னால் நின்றபடி.

"மணி பாக்கச் சுவத்துல ஒண்ணு இருக்கு சார்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். வேலை போகலாம் என்று தெரியும். பிரிண்டர் ஒருமுறை இழுத்து நின்றது. பிறகு கிறீச்சிட்டபடி முதல் வரியை அடித்தது.

இரண்டரை மணிக்கு வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் படிக்கத் தெரிந்த கைருன் பீவி விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி மனுவைச் சத்தமாகப் படித்தாள். ஆட்சேபம் உண்டு என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பெயர்ப் பட்டியலில் நாற்பதாவது வரியில் விரல் நின்றது.

"இன்னா இது? கருன் பீவின்னு கீது."

செசிலியா வாங்கிப் பார்த்தாள். ஐகாரக் கொம்பு ஒரு இடத்திலும் விழவில்லை; மனுவில் 'கர' என்று விழுந்திருந்ததையும் கைருன் பீவி பழக்கத்தில் 'கரை' என்றே படித்திருந்தாள். கைருனுக்கும் இல்லை, வைரம்மாளுக்கும் இல்லை.

"பேனாவால போட்டுடும்மா, ரெண்டு கோடுதானே," என்றார் தேவதாஸ். "மூணு மணி பஸ்ஸ விட்டா அஞ்சுக்குள்ள போய்ச் சேர முடியாது."

"பேனாவால திருத்துனா, பின்னால திருத்துனதுன்னு சொல்லமாட்டாங்களா?" கைருன் பீவி காகிதத்தை மேசைமேல் வைத்தாள். "அது எம் பேரு இல்ல. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

செசிலியா, அக்கா சொன்னதை எழுதியிருந்த காகிதத்தைப் புரட்டினாள். பின்பக்கத்து ஓரத்தில், கொம்புகளுக்குத் தனிக் கோப்பு உண்டு, மூன்றாவது பிளாப்பியில், அதைக் கடைசியில் ஏற்ற வேண்டும் என்று தன் கையெழுத்திலேயே இருந்தது. அவசரத்தில் முன்பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறாள்.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டாள் நாகம்மாள்.

"அடிச்சு முடிக்க அரை மணி. அப்புறம் நாட்டு வெக்கிற நேரம்."

"நீ அடி. பஸ்ஸ நாங்க பாத்துக்கறோம்."

மூன்று மணிக்கு டிரைவர் ஹாரனை அழுத்தினார். வண்டியின் முன்னால் பெண்கள் பறிகளை மண்ணில் வைத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் இறங்கி வந்து கத்தினார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நாகம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பம்பரில் முதுகைச் சாய்த்தாள். ஹாரன் ஓய்ந்த இடைவெளியில், ஜன்னல் வழியாகப் பிரிண்டர் இரைவது தெரு முழுக்கக் கேட்டது.